தூங்குதல்

அடிக்கடி ஒரு கனவு வரும். முதுகுக்குக் கீழே தரை இல்லை. இருபக்கமும் துணி, உடம்பு மெல்ல ஆடுகிறது. விழித்த பிறகு, எதையோ வைத்த இடம் மறந்தவனைப் போல வெகுநேரம் கிடப்பேன். அந்தக் கனவை எனக்கு விளக்கியது 'தூங்கு' என்ற சொல்.

பழந்தமிழில் அதற்குத் தொங்கு, அசைந்தாடு என்ற பொருள்களே முதன்மை. சோழன் ஒருவன் அழித்ததாகச் சங்கப் பாடல்கள் புகழும் 'தூங்கெயில்' வானில் தொங்கிய கோட்டை. தூங்கணாங்குருவிக்கு அந்தப் பெயர் வந்தது அதன் தொங்கும் கூட்டால். வஞ்சிப்பாவின் ஓசைக்குப் பெயர் தூங்கலோசை. மலையாளிகள் தொங்குவதற்கு இன்றும் 'தூங்ஙுக' என்கிறார்கள். உறக்கத்துக்கு அவர்களிடம் 'உறங்ஙுக' இருக்கிறது. ஈழத்தமிழருக்கு அது நித்திரை. கன்னடத்தில் 'தூகு' என்றால் நிறுப்பது. தொட்டிலை ஆட்டுவதும் அதே சொல்தான். நாம் மட்டும் ஆட்டத்தை விட்டுவிட்டு உறக்கத்தைப் பிடித்துக்கொண்டோம். அசைகிறவருக்குக் கண் சொக்கும், தலை தொங்கும். பொருள் அந்த வழியே இறங்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்தப் பழம்பொருள் வீட்டுக்குள் உயிரோடு இருந்த இடம் தூளி. சில ஊர்களில் ஏணை. உத்தரத்தில் கயிறு, அதில் அம்மாவின் நைந்த பருத்திச் சேலை, துணி மூடிக்கொள்ளாமலிருக்கக் குறுக்கே ஒரு கட்டை. புதுச்சேலை உதவாது, பலமுறை துவைத்த துணிதான் உடம்போடு ஒட்டும், அதில்தான் அம்மாவின் வாசம் இருக்கும். ஆட்டும் கை நின்றதும் குழந்தை சிணுங்கும். ஆட்டத்தோடு பாட்டும் வேண்டும். தால் என்றால் நாக்கு. நாவை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்பர்.

ஆட்ட முடியாமல் போன தாய்க்கும் குறை உண்டு. குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதும் தேவகியின் புலம்பல்: பெற்ற பிள்ளை வேறு வீட்டில் வளர, தாலாட்டும் பேறு தனக்கு வாய்க்கவில்லையே என்று. அடுத்த பதிகமே இராமனுக்குக் கோசலை பாடும் தாலாட்டு. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

உங்கள் வீட்டு உத்தரத்தில் தூளி கட்டிய வளையம் இன்னும் இருந்தால், வெள்ளையடிக்க வருகிறவரிடம் அதைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள்.