காதால் கற்ற மார்க்கம்

கைத்தொலைபேசியைத் தட்டினால் குர்ஆன் ஓதுவது கேட்கிறது. பின்னாலேயே தமிழில் பொருளும் வருகிறது. புதுசு என்று நினைக்கிறோம். கருவி மட்டும்தான் புதுசு.

'குர்ஆன்' என்ற சொல்லுக்கே ஓதப்படுவது என்றுதான் பொருள். நம்ம ஊர்களில் பிள்ளைகள் மத்ரஸாவில் அரபு எழுத்தைப் படித்தார்கள். ஆனால் அரபு மொழி விளங்காது. வீட்டில் பேசுவது தமிழ். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்தோ பலருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, தெரியாது. இந்த இடைவெளியை நிரப்பியதுதான் அரபுத்தமிழ்: எழுத்து அரபு, மொழி தமிழ். ப, ண, ள போன்ற ஒலிகளுக்கு அரபியில் எழுத்து இல்லை. அதனால் இருக்கிற எழுத்துகளில் புள்ளியும் குறியும் சேர்த்துப் புதியவற்றை உண்டாக்கினார்கள்.

கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இப்படித்தான் எழுதினார். இலங்கைக்கும் அடிக்கடி வந்துபோனவர் அவர். தொழுகை, நோன்புச் சட்டங்களைச் சொல்லும் அவருடைய 'மஙானி' அரபு மொழி தெரியாதவர்களுக்கான நூல். ஒருவர் வாசிச்சா போதும், எழுத்துத் தெரியாதவருக்கும் விளங்கும். குர்ஆனுக்கு அப்துல் ஹமீத் பாகவியின் முழுத் தமிழாக்கம் வந்ததே 20ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்பு மார்க்கம் பெரும்பாலும் காது வழியாகத்தான் பரவியது. பிறகு வானொலியின் முஸ்லிம் சேவையும் வந்து சேர்ந்தது.

இதில் தில்லையடிக்கு என்ன வேலை? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000-க்கும் மேற்பட்டோர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் சில மணி நேரம். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்தார்கள், தில்லையடியிலும் குடியேறினார்கள். உடுத்த துணியோடு வந்தவர்களில் எத்தனை பேரால் கிதாபுகளைச் சுமந்து வந்திருக்க முடியும்? யாராலும் பறிக்க முடியாமல் வந்தது மனப்பாடம் ஒன்றுதான்.

இன்று தமிழ்ப் பொருளைக் கேட்க ஒலிப்பதிவுகளுக்குக் குறைவில்லை. ஆனால் மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு என்று ஒவ்வொரு ஊருக்கும் இருந்த ஓதும் ராகமும் பேச்சும் அவற்றில் இருக்காது. அவை இருப்பது நம்ம மூத்தவர்களின் தொண்டையில். 1990-ல் முப்பது வயதில் வந்தவருக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது.

பதிவைக் கேட்கிற அதே தொலைபேசியில் பதிவு செய்யவும் முடியும். உம்மம்மாவிடம், அப்பாவிடம் கேட்போம்: சின்ன வயசில் காதால் கேட்டுப் படிச்சது எது? ஓதிக் காட்டச் சொல்லுவோம். பதிவில் பெயர், ஊர், தேதி சொல்லி வைப்போம். அரபுத்தமிழ் கிதாபு யார் வீட்டிலாவது இருந்தால், அதை வாசிக்கத் தெரிந்தவர் இருக்கும்போதே அவர் குரலில் எடுத்துவிடுவோம்.