சொன்னவர் யார்?

பிறர் சொன்னதை எடுத்துரைப்பது எளிய செயல் போலத் தோன்றும். ஆயினும் அதற்கு ஒவ்வொரு மொழியும் தனக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டிருக்கிறது. ஆங்கில இலக்கண வகுப்பில் நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும்போது காங்கேயத்து மாணவர் ஒருவர் தடுமாறுவாராயின், அது அவருடைய அறிவின் குறையன்று. இரு மொழிகளின் வழக்குகள் அங்கே எதிரெதிரே நிற்கின்றன.

சித்திரைத் திங்களில் காங்கேயத்துக்கு அருகே கண்ணபுரத்தில் மாட்டுச் சந்தை கூடுவதை நீங்கள் அறிவீர்கள். அங்கே, “உன் காளையை நான் நாளை இங்கேயே வாங்கிக்கொள்வேன்” என்று முத்து வேலனிடம் கூறுவதாகக் கொள்வோம். இதை ஆங்கிலத்தில் அயற்கூற்றாக்கினால், ‘நான்’ என்பது ‘அவன்’ ஆகும், ‘உன்’ என்பது ‘அவனுடைய’ ஆகும், ‘நாளை’ மறுநாளாகும், ‘இங்கே’ என்பது ‘அங்கே’ ஆகும். ‘வில்’ என்னும் துணைவினையும் ‘வுட்’ எனத் திரியும். சொன்னவன் நின்ற இடத்தை விட்டு, எடுத்துரைப்பவன் தன் இடத்திலிருந்து பார்ப்பதே இம்மாற்றங்களுக்கெல்லாம் காரணம்.

தமிழ் பெரிதும் கையாண்ட வழி வேறு. சொன்னவர் சொல்லை அவ்வாறே வைத்து, இறுதியில் ‘என்று’ எனும் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். தொல்காப்பியம் ‘என’ என்னும் இடைச்சொல்லுக்கு ஆறு பொருள்களை வகுத்து, ‘என்று’ என்பதும் அத்தன்மையதே எனக் காட்டுகிறது. ஓலைச்சுவடியில் மேற்கோட்குறி கிடையாது. பேச்சு முடியும் இடத்தை ‘என்று’ காட்டிற்று. இங்கிலாந்திலும் மேற்கோட்குறி வழக்கில் நிலைபெற்றது 18ஆம் நூற்றாண்டிலேதான்.

தமிழில் அயற்கூற்றே இல்லை என்று எண்ணிவிடலாகாது. ‘வேலனுடைய காளையைத் தான் மறுநாள் அங்கேயே வாங்கிக்கொள்வதாக முத்து கூறினான்’ என்கிறோம். இங்கே இடம் மாறிற்று. ஆனால் ‘வாங்கிக்கொள்வது’ இறந்தகாலமாகவில்லை. ஆங்கிலத்தில் ‘அவன்’ என்பது முத்துவா, வேலனா என்னும் ஐயம் எழக்கூடும். நம்முடைய ‘தான்’ சொன்னவனையே சுட்டி அவ்வையத்தை நீக்கிவிடுகிறது.

இவ்வேறுபாடு வெறும் தேர்வுக்குரிய செய்தியன்று. கொங்கு நாட்டின் கீழ்ப்பகுதியில் உள்ள கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டம் தாங்கிய மன்னனின் ஆணை அது. வெங்கால நாட்டுக் கம்மாளர்கள் தங்கள் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், வெளியே செல்லுமிடத்துக் காலணி அணியலாம், வீடுகளுக்குச் சாந்து பூசலாம் என்று, அவனுடைய 15ஆம் ஆட்சியாண்டின் ஆடித் திங்கள் முதல் உரிமை அளிக்கிறது. காலில் செருப்பணியவும் அரசன் வாய்ச்சொல் வேண்டியிருந்தது! அவ்வாணை, ‘அரசன் இவ்வாறு அளித்தானாம்’ என்று பிறர் கூற்றாக இல்லை. தன்மைப் பன்மையில், அரசனே பேசுவதாக அமைந்திருக்கிறது. கல்லில் நிலைத்த அந்தத் தன்மை வினையே அவர்களுக்குச் சான்று.

18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலும் ஆளுநர் துய்ப்ளேயின் பேச்சுகளைக் காண்கிறோம். ஒருவர் சொல்லை மற்றொருவருக்கு உணர்த்துவதே துபாசியின் தொழில். அத்தொழிலில் ‘நான்’ என்பது யாரைக் குறிக்கிறது என்பது பிறழுமாயின், வாக்குறுதியும் பொறுப்பும் இடம் மாறிவிடுமன்றோ?

நீதிமன்றமும் இதனை நன்கறியும். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், கேட்கத்தக்க செய்தியாயின் அதைத் தன் செவியால் கேட்டவரே சாட்சி சொல்ல வேண்டும் என விதித்தது. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அவ்விதியைக் கைவிடவில்லை.

ஆகவே, மாணவ நண்பர்களே, மாற்று விதிகளை உருப்போடுவதற்கு முன் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: சொன்னவர் யார்? யாரிடம் சொன்னார்? எங்கே, எப்போது சொன்னார்? இவற்றுக்கு விடை தெரிந்தால் விதிகள் தாமே விளங்கும். பிறர் சொல்லைச் சிதையாமல் எடுத்துரைக்கும் நேர்மையும் உங்களிடம் அமையும்.