கைத்தாங்கல்: நோயாளரைச் சுமந்தோர் வரலாற்றில் சில பக்கங்கள்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த எங்கள் புதுச்சத்திரத்தில் லாரித் தொழிலை அறியாதார் அரிது. சரக்கு ஏற்றும்போது கொடுக்கப்படும் ரசீதில் வாடகை, முன்பணம் முதலியவற்றோடு 'ஹமாலி' என்றொரு கட்டமும் இருக்கும். சுமை தூக்குவோர்க்குரிய கூலி அது. அரபு மொழியில் ஹா, மீம், லாம் என்னும் மூன்று மூலவெழுத்துகளிலிருந்து பிறந்த 'ஹம்மால்' என்ற சொல், கடல் கடந்தும் மொழிகள் கடந்தும் வந்து நம்மூர் ரசீதில் அமர்ந்திருக்கிறது. சுமத்தல் 'ஹம்ல்', கருவுற்றவள் 'ஹாமில்', கெய்ரோவிலிருந்து கஅபாவின் திரையோடு ஒட்டகத்தின் மீது அனுப்பப்பட்ட அலங்காரக் கூடு 'மஹ்மல்'. இன்றைய அரபியில் நோயாளியை ஏற்றிச் செல்லும் தூக்குப் படுக்கைக்கு 'நக்காலா' என்றும் 'ஹம்மாலா' என்றும் பெயர். மூட்டையைச் சுமப்பவனுக்கும் நோயாளியைச் சுமக்கும் படுக்கைக்கும் வேர் ஒன்றே. ஆயினும் மூட்டை தூக்குவோனின் கூலிக்கு ரசீதில் ஒரு கட்டம் உண்டு. நோயாளியைத் தூக்கியோர்க்கு வரலாற்றில் அப்படியொரு கட்டம் ஒதுக்கப்பட்டதா என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினா என்னுள் எழுந்தது நூலகத்தில் அன்று. 2016ஆம் ஆண்டு என் தாயார் பக்கவாதத்தால் வலப்புறம் செயலிழந்து படுக்கையில் வீழ்ந்தார்கள். நானும் என் தம்பியும் ஆளுக்கொரு அக்குளில் கைகொடுத்து அவர்களைத் தூக்கி அமர்த்துவோம். "தோளு கழண்டு போகுதுப்பா" என்று அவர்கள் சொன்னதை நோயின் புலம்பல் என்றே எண்ணினோம். மூன்றாம் வாரம், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுகையில் என் இடுப்பில் ஏதோ பிடித்தது. அன்று தொடங்கிய வலி இன்றும் மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கிறது. பின்னர் ஒரு மருத்துவமனையில், வயது முதிர்ந்த ஆயா ஒருவர் நாங்கள் தூக்கும் முறையைக் கண்டு ஓடிவந்து தடுத்தார்.

"பாய், உணர்ச்சியில்லாத கையப் புடிச்சு இழுக்காதீங்க. அம்மாவ நீங்க தூக்க வேண்டாமுங்க. அவங்களையே எந்திரிக்க வையுங்க."

அவர் செய்து காட்டியது எளிது. தாயாரின் முழங்காலை மடக்கி, இடுப்பிலும் தோளிலும் கைவைத்து உடலை ஒருக்களித்தார். கால்களைக் கட்டிலின் விளிம்பிலிருந்து கீழே தொங்கவிட்டார். கால்கள் இறங்க இறங்க, அந்த எடையே துணையாகி மேலுடல் எழுந்துவிட்டது. தாம் கால்களை அகற்றி ஊன்றி, முழங்காலை மடக்கி, முதுகை வளைக்காமல் நின்றார். நாற்காலிக்கு மாற்றும்போது இடுப்பைத் திருகாமல் பாதங்களை எடுத்து வைத்துத் தம் முழு உடலோடு திரும்பினார். நாங்கள் இருவர் மூச்சுவாங்கச் செய்ததை அவர் ஒருவராகவே செய்து முடித்தார். தளர்ந்த தோளை அக்குளில் தூக்கினால் பந்துக்கிண்ண மூட்டு நழுவக்கூடும் என்பதைப் பிறகு மருத்துவர் விளக்கினார். தாயார் புலம்பவில்லை, உண்மையையே சொல்லியிருக்கிறார்கள்.

அன்றிரவு நினைவுக்கு வந்தது, நான் பல்லாண்டுகளாக நடத்திவரும் ஒரு பாடம். அகழ்ப்போரில் (ஹிஜ்ரி 5, கி.பி. 627) ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு தைத்து நரம்பு அறுபட்டது. அருகிருந்து நலம் விசாரிப்பதற்காக அவருக்குப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கப்பெற்றது. காயமுற்றோர்க்குப் பணிபுரிந்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் கூடாரம் அது என்பர் இப்னு இஸ்ஹாக். பின்னர் பனூ குறைழா விவகாரத்தில் தீர்ப்பளிக்க அவரை அழைத்துவர வேண்டியதாயிற்று. அவர் பருத்த உடலினர் என்றும், கழுதையின் மீது தோலாலான மெத்தையிட்டு அவரை ஏற்றினர் என்றும் அதே வரலாற்றாசிரியர் பதிவு செய்கிறார். அவர் வந்து சேர்ந்ததும், உங்கள் தலைவரிடம் எழுந்து செல்லுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அங்கிருந்தோரைப் பணித்தார்கள்.

இந்த ஒரு சொற்றொடரை வைத்து எழுந்த விவாதம் பெரிது. பெரியோர்க்கு மரியாதையாக எழுந்து நிற்கலாமா? ஆகும் என்பதற்கு இமாம் நவவி (மறைவு ஹி. 676) இதனை ஆதாரமாக்கித் தனி நூலே எழுதினார். மாலிகி அறிஞர் இப்னுல் ஹாஜ் 'அல்மத்கல்' நூலில் அதனை மறுத்தார். தூர்பிஷ்தீ இலக்கணத்தைக் கையிலெடுத்தார்: மரியாதைக்காக என்றால் 'லாம்' என்னும் வேற்றுமை இடைச்சொல் வந்திருக்க வேண்டும், வந்திருப்பதோ 'இலா'. ஆகவே அது அவரை நோக்கிச் சென்று, காயமுற்ற அவரை இறங்கச் செய்வதற்கான ஏவல் என்றார். தீபீ அதனை ஏற்கவில்லை. இமாம் அஹ்மதின் முஸ்னதில் வரும் அறிவிப்போ, எழுந்து சென்று அவரை இறக்குங்கள் என்ற கூடுதல் சொல்லோடு இருக்கிறது. இப்னு ஹஜர் இதனை எடுத்துக்காட்டுகிறார்.

இவ்வளவையும் மாணவர்க்கு வரிபிசகாமல் நடத்தியிருக்கிறேன். ஆனால் பருத்த உடலினரான ஒருவரை, கை செயலற்ற நிலையில், கழுதையிலிருந்து எப்படி இறக்கினார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஏவல் பன்மையில் அமைந்திருப்பதன் நடைமுறைப் பொருளும், அதாவது அது ஒருவரால் ஆகாத வேலை என்பதும், என் முதுகு பிடித்த பிறகே எனக்குப் புலப்பட்டது.

இஸ்லாமிய நகரங்களில் எழுந்த மருத்துவமனைகளின் பெருமையை நம் எழுத்தாளர்கள் போதுமான அளவு பாடியுள்ளனர். நூருத்தீன் ஸங்கி திமிஷ்கில் ஹி. 549இல் (கி.பி. 1154) நிறுவிய பீமாரிஸ்தான், சுல்தான் கலாவூன் கெய்ரோவில் ஹி. 683இல் (கி.பி. 1284) எழுப்பிய மன்ஸூரி மருத்துவமனை, ஸல்ஜூக் சுல்தான் மஹ்மூதின் படையோடு 40 ஒட்டகங்களில் சென்ற நடமாடும் மருத்துவமனை ஆகியவற்றை விரிக்கத் தேவையில்லை. நான் சுட்ட விரும்புவது வேறு. அங்கே மருத்துவர் மட்டுமல்லர், ஆண் நோயாளிகளுக்கு ஆண்களும் பெண் நோயாளிகளுக்குப் பெண்களுமாக 'ஃபர்ராஷ்' எனப்படும் பணியாளர்களும் அமர்த்தப்பட்டிருந்தனர். படுக்கை விரித்தல், துணி மாற்றல், உணவூட்டல், தூக்கல், திருப்பல் எல்லாம் அவர்கள் தலையில். மருத்துவர்களின் வரலாற்றை இப்னு அபீ உஸைபிஆ பெருந்தொகுப்பாக எழுதினார். ஃபர்ராஷ்களின் வரலாற்றை எழுதியவர் எவருமிலர்.

நூல்களிலும் இதே நிலைதான். அந்தலூசின் ஸஹ்ராவி 'தஸ்ரீஃப்' நூலின் முப்பதாம் பகுதியில், முதுகெலும்பு பிசகியவரைப் பலகையில் கிடத்தி, அக்குளிலும் இடுப்பிலும் கட்டிட்டு, இருபுறமும் உதவியாளர் நிதானமாக இழுக்க, மருத்துவர் உள்ளங்கையால் அழுத்தும் முறையை விரிவாக எழுதுகிறார். நோயாளியின் முதுகெலும்பு நூலுக்குள் வந்துவிட்டது. கயிற்றைப் பிடித்து இழுத்தவனின் முதுகெலும்பு வரவில்லை.

சுமப்போர்க்கென நம் மரபில் விதி வகுக்கப்பட்ட இடம் ஒன்று உண்டு, அது ஜனாஸா. சந்தூக்கின் நான்கு மூலைகளையும் நால்வர் தாங்குவதே ஹனஃபி வழி. முன் வலம், பின் வலம், முன் இடம், பின் இடம் என மூலைக்குப் பத்து எட்டாக மாறி மாறிச் சுமக்க வேண்டும். ஷாஃபிஈ வழியில் இரு கம்புகளுக்கிடையே நின்று சுமப்பது சிறப்பு. நால்வர் சுமப்பதற்கு 'ஹிதாயா' ஆசிரியர் கூறும் காரணங்களுள் கண்ணியத்தோடு பாதுகாப்பும் ஒன்று. விரைந்து நடக்கலாம், குலுக்கி ஓடலாகாது. குளிப்பாட்டும் முறையும் அத்தகையதே: இடப்புறம் ஒருக்களித்து, பின் வலப்புறம் ஒருக்களித்து, பிறகு குளிப்பாட்டுபவர் தம் உடலோடு சாய்த்து மெல்ல அமர்த்துவார். அந்த ஆயா என் தாயாரை ஒருக்களித்தது ஏறத்தாழ இதே முறையில். ஒவ்வொரு மஹல்லாவிலும் மய்யித்தைத் திருப்பத் தெரிந்த நாலு பேர் இருக்கிறார்கள். உயிரோடு இருப்பவரைத் திருப்பும் கலையை நாம் யாருக்கும் கற்பிக்கவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

தமிழ் மண்ணுக்கு வருவோம். சத்திரம் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் வழிப்போக்கர் தங்கிய காலத்தை நினைவூட்டுபவை. வசதியுள்ளோர் பல்லக்கிலும் நோயாளிகளும் எளியோரும் டோலியிலும் சென்ற காலம் அது. மதராஸ் படையிலும் காயமுற்றோரைச் சுமக்க டோலி தூக்குவோர் இருந்தனர்.

அவர்களின் உறவினர்கள் எனத்தக்க மக்கள் பெருந்திரளாக வரலாற்றில் தோன்றுவது தென்னாப்பிரிக்காவில். 1860ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் நேட்டாலை அடைந்தது முதல் 1911 வரை சென்ற ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். போயர் போர் மூண்டபோது 1899இல் காந்தியடிகள் அமைத்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர் இருந்தனர். பெரும்பான்மையோர் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். காயமுற்றோரைக் கவனிக்கும் பயிற்சியை டாக்டர் பூத் என்னும் பாதிரியார் அளித்தார். டிசம்பர் 15இல் கொலென்சோ, அடுத்த ஜனவரியில் ஸ்பியன் காப் ஆகிய களங்களில் அவர்கள் பணியாற்றினர். தூக்குப் படுக்கைகளைச் சுமந்தபடி நாளொன்றுக்கு 20 முதல் 25 மைல் நடந்ததாகக் காந்தியடிகள் எழுதியுள்ளார்.

தூக்குப் படுக்கை சுமப்பதில் ஒரு நுட்பம் உண்டு. நால்வரும் ஒரே காலை ஒன்றாக எடுத்து வைத்தால் படுக்கை ஊஞ்சலாய் ஆடும். ஆகவே அடி மாற்றி நடக்க வேண்டும். படைவீரன் வரிசையில் ஒத்த நடை பயில்கிறான். காயம்பட்டவனைச் சுமப்பவனோ ஒவ்வாத நடை பயில வேண்டும். மேட்டில் ஏறுகையில் நோயாளியின் தலை முன்னே இருக்கும்.

1906இல் ஸூலு எழுச்சியின்போது அமைந்த சிறு படையில் இருபது பேரே. அதன் பெயர்ப் பட்டியல் இதழில் அச்சாகியிருக்கிறது. ஷேக் மதார், ஆழ்வார், முத்துசாமி, குப்புசாமி, ஜமாலுத்தீன் என்ற பெயர்களை அதில் காணலாம். வெள்ளையர் தொடத் தயங்கிய, சவுக்கடியால் முதுகு புண்ணாகிய ஸூலு மக்களையே அவர்கள் மிகுதியும் பேணினர். 1,100 பேர் படையில் எத்தனையோ பெயர்கள் தொலைந்தன; இவ்விருபது தப்பிவிட்டன.

சுமப்போரின் முதுகை அறிவியல் கண்டுகொண்டது அண்மையில்தான். ஸ்வீடன் நாட்டு நாகெம்சன் 1960களில் முதுகெலும்பிடைத் தட்டுகளுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து, குனிந்து தூக்குகையில் அது எவ்வளவு ஏறுகிறது என்று காட்டினார். 1967இல் பன்னாட்டுத் தொழில் அமைப்பு, ஆண் தொழிலாளி கையால் தூக்கும் சுமைக்கு 55 கிலோ என்று உச்சவரம்பு பரிந்துரைத்தது; நம் பகுதியில் ஜவ்வரிசி மூட்டை 90 கிலோ! பிரிட்டன் 1992இல் கையால் சுமை தூக்கல் பற்றிய விதிகளைக் கொண்டுவந்தது, மருத்துவமனைகளும் அதற்குட்பட்டன. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999இல், இருவர் சேர்ந்து தூக்கினாலும் முதுகின் மீது விழும் அழுத்தம் பாதுகாப்பு வரம்பைக் கடக்கிறது என்று கண்டனர். 2007இல் அமெரிக்க ஆய்வாளர் வாட்டர்ஸ், நோயாளியைக் கையாள்வதில் ஒருவர் தாங்கத்தக்கது சுமார் 16 கிலோ என்று கணக்கிட்டார். 70 கிலோ எடையுள்ளவரின் ஒரு கால் மட்டுமே ஏறக்குறைய 11 கிலோ. மூட்டைக்குப் பிடி உண்டு, அது அசையாது. நோயாளி பயத்தில் கழுத்தைக் கட்டிக்கொள்வார், பாதி வழியில் தளர்வார். ஆகவே இன்றைய முறை தூக்குவதைக் கூடியவரை தவிர்க்கிறது: வழுக்கும் விரிப்பு, இடுப்புப் பட்டை, சரிவுப் பலகை, பாரந்தூக்கி.

இவற்றுள் பலவும் நம் வீடுகளுக்கு வந்து சேர்வது கடினம். இத்துறையில் தமிழகத்துக்கு வழிகாட்டியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைசெய்தவர். அவர் முயற்சியால் வேலூரில் 1966இல் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தம்மை மாற்றிக்கொள்ளும் வித்தையை நோயாளியே பயில்வதும், வீட்டார் உடனிருந்து பயில்வதும் அங்கே சிகிச்சையின் பகுதி. அந்த ஆயாவின் ஒரு வரியும் இதைத்தான் சொன்னது. அவர் எங்கே கற்றார் என்று கேட்டேன். யாரும் கற்றுத் தரவில்லையாம். தம் இடுப்பில் அணிந்திருந்த பட்டையைத் தட்டிக் காட்டி, "இது சொல்லிக் குடுத்ததுங்க" என்றார்.

தாயார் இரண்டாண்டுகள் வாழ்ந்தார்கள். மடித்த போர்வையை அடியில் விரித்து, நானும் தம்பியும் இருபுறம் நின்று பிஸ்மில்லாஹ் சொல்லி ஒருசேர நகர்த்துவோம். மூட்டைத் தொழிலாளர் கூவி ஒன்றுசேர்வது போல எங்களுக்கு அச்சொல்லே அளவு. அதன்பின் அவர்களுக்குப் படுக்கைப் புண் வரவில்லை.

கடந்த ஆண்டு அதே பாடம் மீண்டும் வந்தது. 'இலா'வையும் 'லாமை'யும் முடித்தபின் மாணவன் ஒருவன் கேட்டான்: "ஹஜ்ரத், அவரை இறக்க எத்தனை பேர் எழுந்து போயிருப்பாங்க?" என் கைக்கெட்டிய விரிவுரைகளில் விடையில்லை. கிதாபை மூடிவிட்டு, வகுப்பிலேயே பருத்த மாணவனை உயரமான பெஞ்சின் மேல் ஏற்றி, வலக்கையை அசைக்காதே என்று சொல்லி இறக்கிப் பார்த்தோம். இருவரால் முடியவில்லை. மூவர் சேர்ந்தபோது ஒருபக்கம் சாய்ந்தான். நான்காமவன் பின்னாலிருந்து முதுகைத் தாங்கியபோதுதான் அவன் பாதம் தரையில் ஊன்றியது.