பரத்பூர்: வேட்டைக்காக வெட்டிய வாய்க்கால்கள்

இன்னைக்கு ஒரு எண்ணோட ஆரம்பிப்போம்: 4,273.

ராஜஸ்தான்ல, ஆக்ராவுக்குப் பக்கத்துல, பரத்பூர்னு ஒரு ஊர் இருக்கு. அந்த ஊரை ஒட்டி கேவலாதேவ் தேசியப் பூங்கா. உலகம் முழுக்க இருந்து பறவை பார்க்கிறவங்க தேடி வர்ற சதுப்பு நிலம். பூங்காவுக்கு நடுவுல ஒரு சின்ன சிவன் கோவில். கேவலாதேவ்ங்கிறது அந்தச் சிவனோட பேர்தான். கோவிலுக்குப் பக்கத்துல கல்வெட்டுகள் நிற்குது. அதுல மன்னர் புகழ் எல்லாம் இல்லை. தேதி, அன்னைக்கு வந்த முக்கிய விருந்தாளி, எத்தனை துப்பாக்கி, எத்தனை பறவை. அவ்வளவுதான். ஒரு கணக்குப் புத்தகத்தைக் கல்லுல செதுக்கி வச்ச மாதிரி இருக்கும்.

1938 நவம்பர் 12. வைஸ்ராய் லின்லித்கோ பிரபு வந்த நாள். அன்று ஒரே நாளில் சுடப்பட்ட பறவைகள் 4,273. பெரும்பாலும் வாத்துகள்.

இப்போ கேள்வி இதுதான். இவ்வளவு பறவைகளைக் கொன்ற இடம் எப்படி அவற்றுக்கே புகலிடமாச்சு? அதைவிட முக்கியமா, புகலிடம்னு அறிவிச்சு வேலி போட்ட பிறகு ஏன் அங்கே நிலைமை கெட்டது? இந்த எபிசோட் அந்தக் கதைதான்.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்வோம். கேவலாதேவின் பரப்பு ஏறக்குறைய 29 சதுர கிலோமீட்டர். கம்பீர், பாணகங்கா என்ற இரண்டு ஆறுகளை ஒட்டிய தாழ்வான நிலம் அது. மழைக்காலத்தில் வெள்ளம் வந்து நிற்கும், பிறகு வற்றிவிடும். 18-ஆம் நூற்றாண்டில் பரத்பூரை ஆண்ட ஜாட் மன்னர் சூரஜ்மல் காலத்தில் அஜான் பந்த் என்ற மண் அணை எழுந்ததாகச் சொல்வார்கள். ஊரை வெள்ளத்திலிருந்து காப்பதும், தண்ணீரைத் தேக்கிப் பாசனத்துக்கு விடுவதும்தான் அதன் வேலை. அப்போது பறவையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

பறவையைப் பற்றி யோசித்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதுவும் சுடுவதற்காக! பரத்பூர் நிர்வாகத்தில் இருந்த மோர்வி சமஸ்தானத்து ஹர்பாம்ஜி, இங்கிலாந்து பாணியில் வாத்து வேட்டைக்களம் ஒன்றை இங்கே அமைக்கத் திட்டமிட்டார். அஜான் பந்திலிருந்து வாய்க்கால் வெட்டினார்கள். தாழ்நிலத்தைச் சின்னச் சின்னக் கரைகளால் தடுத்துப் பாத்தி பாத்தியாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மதகு வைத்தார்கள். எந்தப் பாத்தியில் எவ்வளவு ஆழம் தண்ணீர் நிற்க வேண்டும் என்று மனிதர்களே முடிவு செய்ய முடிந்தது. 1902-ல் கர்சன் பிரபுவை வைத்துப் பெரிய அளவில் முதல் வேட்டை நடந்தது. வைஸ்ராய் வந்தால் வாத்து வேட்டை என்பது சமஸ்தானத்தின் அரசியல் விருந்தோம்பல் ஆனது.

கவனிச்சீங்களா? இன்றைக்கு நாம் சைக்கிளில் போகும் கரைகளும், கேமராவோடு எட்டிப் பார்க்கும் குளங்களும் வேட்டைக்காரர்களின் இன்ஜினியரிங். "இயற்கையைப் பார்க்கப் போறேன்" என்று சொல்லி நாம் போவது, மதகு வைத்துக் கட்டிய ஓர் இடத்துக்கு.

நான் கேவலாதேவுக்கு மூன்று தடவை, மூன்று வெவ்வேறு பருவத்தில் போயிருக்கிறேன். ஒரே இடம்தான்னு நம்பவே முடியாது.

செப்டம்பரில் போனபோது காதுதான் முதலில் வேலை செய்தது. மழை பெய்து, தண்ணீர் உள்ளே வந்து, குளங்களுக்கு நடுவில் இருக்கும் கருவேல மரங்கள் முழுக்கக் கூடுகள். மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா எல்லாம் மாடி வீடு மாதிரி மேலும் கீழுமாகக் குடியிருந்தன. குஞ்சுகள் இரைக்குக் கத்திய சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசக்கூட முடியவில்லை. மீன் நாற்றம் வேறு. இந்தப் பறவைகள் எதுவும் வெளிநாட்டு விருந்தாளிகள் இல்லை. நம் நாட்டுப் பறவைகள்தான். ஆற்றுத் தண்ணீரோடு மீன் குஞ்சுகளும் வந்து சேரும் காலத்தைப் பார்த்துக் கூடு கட்டுகின்றன. அந்த வெள்ளம் வராவிட்டால் மீன் இல்லை, மீன் இல்லாவிட்டால் கூடு இல்லை.

ஜனவரியில் போனபோது எல்லாம் மாறியிருந்தது. காலை ஏழு மணிக்குப் பனிமூட்டத்தில் எதிரே வரும் சைக்கிள் தெரியவில்லை. மூட்டம் விலக விலகத் தண்ணீரின் மேல் வாத்துகள் தெரிய ஆரம்பித்தன. ஊசிவால் வாத்து, கிளுவை, தட்டைவாயன் என்று வடக்கிலிருந்து வந்த கூட்டம். இமயமலையையே தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகள் ஒரு கரையோரம் புல் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு ஜோடி சாரஸ் கொக்கு, ஆள் உயரம், அவசரமே இல்லாமல் நடந்து போனது. வெயில் ஏறியதும் வளைக்கு வெளியே மலைப்பாம்பு ஒன்று வந்து படுத்தது. லின்லித்கோ ஏன் நவம்பரில் வந்தார் என்று இந்தப் பருவத்தில் பார்த்தால்தான் புரியும்.

மூன்றாவது, மே மாதம். யாரும் போகச் சொல்லாத மாதம். வெயில் 45 டிகிரியை நெருங்கும் ஊர். பெரும்பாலான பாத்திகள் வெடித்த மண்ணாகக் கிடந்தன. மிச்சமிருந்த குட்டைகளைச் சுற்றி கொக்குகள், புள்ளிமான், நீலான் எல்லாம் கூடி நின்றன. பார்க்கச் சோகமா இருந்தாலும், இந்த வறட்சியும் தேவைதான். தண்ணீர் வற்றி மண் காய்வதும், அடுத்த மழையில் மறுபடி நிறைவதும் சேர்ந்ததுதான் இந்தச் சதுப்பு நிலம். ஆனால் அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே வந்தாக வேண்டும். அங்கேதான் சிக்கல். கொஞ்ச நேரத்துல அதுக்கு வருவோம்.

சரி, வரலாற்றுக்குத் திரும்புவோம். சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானம் போனது. இந்த நிலத்தை வறண்ட ஊர் விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அது நியாயமில்லாத கோரிக்கைன்னு சொல்லிட முடியாது. மகாராஜா வாத்து சுடுவதற்கு 29 சதுர கிலோமீட்டர், உழுகிறவனுக்கு ஒன்றுமில்லையா? அந்த நேரத்தில் பறவையியலாளர் சாலிம் அலி குறுக்கிட்டார். நேரு வரைக்கும் விஷயத்தைக் கொண்டுபோனார். நிலம் தப்பியது. 1956-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. ஆனாலும் மகாராஜாவின் வேட்டை உரிமை 1972 வரை நீடித்தது. சரணாலயத்துக்குள்ளேயே வேட்டை! 1981-ல் ராம்சார் பட்டியலில் இடம், 1982-ல் தேசியப் பூங்கா, 1985-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். பட்டங்கள் வரிசையாக வந்தன.

அந்தப் பட்டங்களுக்கு நடுவில்தான் 1982 நவம்பர் வருகிறது. நான் சொல்ல வந்த கதையின் மையம் இது.

சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக எருமைகளையும் மாடுகளையும் இந்த நிலத்தில் மேய்த்து வந்தார்கள். தேசியப் பூங்கா என்றால் சட்டப்படி மேய்ச்சல் கூடாது. தடை வந்தது. சுவர் ஏற்கெனவே இருந்தது. மாட்டுக்கு வேறு புல் எங்கே என்று யாரும் பதில் சொல்லவில்லை. கிராமத்தார் திரண்டார்கள். போலீஸ் சுட்டது. கிராமத்தார் சிலர் செத்துப் போனார்கள். கல்வெட்டில் வாத்துகளுக்குக் கணக்கு இருக்கிறது. இவர்களுடைய பெயர் எந்தக் கல்லிலும் என் கண்ணில் படவில்லை.

எருமைகளை வெளியே விரட்டினால் பறவைகள் பெருகும் என்பதுதான் அன்றைய எதிர்பார்ப்பு. மனிதன் விலகினால் இயற்கை தழைக்கும் என்ற எளிய கணக்கு. நடந்தது வேறு. பாஸ்பாலம் என்ற நீர்ப்புல் தடையில்லாமல் வளர்ந்தது. முன்பு எருமைகள் அதைத் தின்றும் மிதித்தும் கட்டுக்குள் வைத்திருந்தன. இப்போது அது தண்ணீரின் மேல் பாய் விரித்ததுபோலப் பரவியது. வாத்துக்குத் திறந்த தண்ணீர் வேண்டும். மீனுக்கும் வேண்டும். இரண்டும் குறைந்தன. மடிந்த புல் அடியில் சேர்ந்து குளங்களை மேடாக்கியது.

இதைச் சொன்னது மேய்ச்சல்காரர்களின் சங்கம் இல்லைங்க. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். 1980 முதல் பத்து ஆண்டுகள், வி.எஸ். விஜயன் தலைமையில், கேவலாதேவில் நடந்த விரிவான ஆய்வின் முக்கியமான முடிவுகளில் இதுவும் ஒன்று. எருமை அந்தச் சதுப்பு நிலத்தின் எதிரி இல்லை, அதன் ஒரு பகுதி. பிறகு கிராமத்து மக்கள் கையால் புல் அறுத்துக்கொண்டு போக நிர்வாகமே அனுமதி கொடுத்தது.

ஜனவரியில் என்னைக் கூட்டிப்போன ரிக்‌ஷாக்காரர் அறுபதைத் தாண்டிய பெரியவர். கேவலாதேவில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர்கள்தான் வழிகாட்டிகளும். ஒரு குளத்தின் கரையில் வண்டியை நிறுத்தினார். அவர் ஹிந்தியில் சொன்னதை நம்ம தமிழ்ல சொன்னா இப்படி இருக்கும்: "சின்ன வயசுல இங்கதான் எங்க எருமையைக் குளிப்பாட்டுவேன் தம்பி. வாத்து பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கும், எருமை பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கும்." கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தொலைநோக்கியைத் துடைத்து, தூரத்தில் இருந்த ஆந்தையை எனக்குக் காட்டினார்.

இப்போ அந்தத் தண்ணீர்ச் சிக்கல். கேவலாதேவ் நிறைய ஆண்டுக்கு ஏறக்குறைய 550 மில்லியன் கன அடி தண்ணீர் வேண்டும். கம்பீர் ஆற்றில் மேலே கரௌலி மாவட்டத்தில் பாஞ்ச்னா அணை கட்டப்பட்டது. 2000-க்குப் பிந்தைய வறட்சி ஆண்டுகளில் அணை நீரைக் கீழே விடக் கூடாது என்று அங்குள்ள விவசாயிகள் போராடினார்கள். எங்கள் பயிர் காயும்போது பறவைக்குத் தண்ணீரா என்று கேட்டார்கள். பூங்கா பல மாதங்கள் காய்ந்து கிடந்தது. கூடுகள் குறைந்தன. உலகப் பாரம்பரியப் பட்டம் என்ன ஆகுமோ என்ற பேச்சே வந்தது. பிறகு கோவர்தன் வடிகாலிலிருந்து குழாய் போட்டார்கள். சம்பல் ஆற்றுத் தண்ணீரும் வந்தது. தாகம் தீர்ந்தது, ஆனால் ஆற்று வெள்ளம் கூட்டி வரும் மீன் குஞ்சுகளைக் குழாய் அதே மாதிரி கொண்டு வராது.

இதற்கிடையே ஒரு பறவை வராமலே போய்விட்டது. வெள்ளை வெளேரென்ற சைபீரியக் கொக்கு. 1960-களில் 200 வரை குளிர்காலத்துக்குக் கேவலாதேவ் வந்தன. வரும் வழியில் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கம் வேட்டை, தங்கும் சதுப்பு நிலங்களின் அழிவு என்று கூட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. 2002-க்குப் பிறகு ஒன்றுகூட வரவில்லை. ஒரு பூங்காவுக்குச் சுவர் கட்டலாம். பல ஆயிரம் கிலோமீட்டர் வழிக்குச் சுவர் கட்ட முடியாது.

ஆனா கதை இதோட முடியலை. நம்ம ஊரையும் படுத்தி எடுக்கிற சீமைக்கருவேலம் அங்கேயும் புகுந்தது. 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதை வேரோடு அகற்ற நிர்வாகம் யாரைக் கூப்பிட்டது தெரியுமா? 1982-ல் வெளியே தள்ளிய அதே கிராமத்து மக்களை. வெட்டிய விறகை அவர்களே எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. பெரும் பரப்பு மீண்டது.

நமக்கு இது புதுசு இல்லை. வேடந்தாங்கலும் மனிதர் வெட்டிய பாசன ஏரிதான். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்த கிராமத்தார்தான் அதைக் காத்தார்கள். மனிதர் பயன்படுத்தும் இடத்திலேயே பறவையும் பிழைக்கும். எவ்வளவு, எப்போது, யாருக்கு என்பதைச் சேர்ந்து பேசித் தீர்க்க வேண்டும். பேசாமல் சுவர் எழுப்பினால் என்ன நடக்கும் என்பதற்குப் பரத்பூர் சாட்சி.

நீங்க போறதா இருந்தா: கூடுகளும் குஞ்சுகளும் பார்க்க ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. வலசை வாத்துகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ரிக்‌ஷா எடுங்க, அதை ஓட்டுறவர்கிட்ட பேச்சுக் கொடுங்க. பறவைப் பேர் மட்டும் கேட்காதீங்க, அவங்க வீட்டு எருமைகள் இப்போ எங்கே மேயுதுன்னும் கேளுங்க. அந்தப் பதில் எந்தக் கையேட்டிலும் இருக்காது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.