மகரக்கட்டும் பாலர் நாடக சபைகளும்

சங்கீதம் கற்றால் வளரிளம் பிள்ளைகளின் மனம் தெம்படையும் என்பது உண்மைதான். ஆனால் கற்பிக்கும் இடம் பிள்ளையை எப்படி மதிக்கிறது என்பதைப் பொறுத்தே அந்தத் தெம்பு நிலைக்கும். சிறுவர்களே நடித்த நம் பாலர் நாடக சபைகளின் வரலாறு இதற்குச் சாட்சி. 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியபோது, பின்னாளில் புகழ்பெற்ற நடிகரான டி.கே.சண்முகம் ஆறு வயதில் அதில் சேர்ந்தார். சிறுவர்கள் ‘கம்பெனி’ எனப்பட்ட நாடகக் குழுவின் வீட்டிலேயே தங்கி, வாத்தியாரிடம் பாட்டையும் வசனத்தையும் பாடம் செய்தார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமே என்று, ஆர்மோனியத்தில் உயர்ந்த கட்டையைச் சுருதியாக வைத்துப் பாடிப் பழகினார்கள். ஏழை வீட்டுச் சிறுவனுக்கு அங்கே சோறும் கிடைத்தது, கைதட்டலும் கிடைத்தது.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குமேல் மகரக்கட்டு, அதாவது குரல் உடைதல், வந்துவிடும். நேற்றுவரை எட்டிய மேல்ஸ்தாயி பிசிறடிக்கும். கதாநாயக வேடமான ராஜபார்ட்டோ பெண் வேடமான ஸ்திரீபார்ட்டோ குரல் உடையாத வேறொரு சிறுவனுக்குப் போய்விடும். உடம்பின் இயல்பான வளர்ச்சியே குற்றம்போல் ஆகிவிடுகிற நிலை அது. பாட்டால் வந்த மதிப்பு பாட்டோடு போனால், அந்த வயதில் அதைத் தாங்குவது கடினம். 1925-இல் சண்முகமும் அவர் உடன்பிறந்தாரும், அதாவது டி.கே.எஸ். சகோதரர்கள், சொந்தமாக ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைத் தொடங்கினார்கள். சண்முகம் அப்போது பதின்மூன்று வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். குரல் மாறினாலும் வெளியேற்றப்படாத இடம் அவருக்கு இருந்தது. பின்னாளில் ஔவையாராக நடித்து, அந்தப் பெயரையே அடைமொழியாகப் பெறுமளவுக்கு அவர் கலை முதிர்ந்ததில் அந்த இடத்துக்குப் பெரும் பங்குண்டு என்றே கருதுகிறேன்.

பாலர் சபைகளின் கண்டிப்பான பயிற்சிதான் அங்கே வளர்ந்த எம்.ஜி.ஆரையும் சிவாஜி கணேசனையும் உருவாக்கியது என்று சிலர் வாதிடலாம். பயிற்சியின் வலிமையை நானும் மறுக்கவில்லை. ஆனால் நாம் படிக்கும் சுயசரிதைகள் எல்லாம் நிலைத்து நின்றவர்கள் எழுதியவை. குரல் போனதும் மூட்டை கட்டியவர்கள் புத்தகம் எழுதவில்லை. சிறுவர்களைக் காப்பாற்றியது சோறுதான், சங்கீதமல்ல என்பது இன்னொரு வாதம். வறுமை அவர்களைக் கம்பெனிக்குக் கொண்டுவந்தது சரி. ஆனால் சண்முகம் தம் ஆசிரியரை வாழ்நாள் முழுக்கப் போற்றியது சோற்றுக்காக மட்டும் இருக்க முடியாது. கற்றுத் தேர்ந்ததில் பிறந்த தன்மதிப்பும் அதில் உண்டு. இன்று பள்ளியிலும் தொலைக்காட்சிப் போட்டியிலும் பிள்ளைகளின் குரலுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். குரல் உடையும் வயதில் பிள்ளையை மேடையிலிருந்து இறக்கிவிட்டு மறந்துவிடாமல், தாளம், வாத்தியம், தாழ்ந்த சுருதி என்று இன்னொரு வழி காட்டுவது ஆசிரியரின் கடமை.