ஈயக்கட்டி வந்த வழி

சிங்கம்புணரியில் தேங்காய் நார் மில் சத்தத்தோடு வளர்ந்தவன் நான். கடல் எங்களுக்குத் தூரம். ஆனாலும் செட்டிநாட்டில் பூம்புகார்ப் பேச்சு ஓய்ந்ததில்லை. நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்தை விட்டுப் பாண்டிநாட்டுக்கு வந்த கதையை, போன வருஷம் வீடு மாறி வந்தது போலவே ஆச்சிமார் சொல்வார்கள். அந்தப் பட்டினத்தைத் தேடி, 1981 முதல் கோவா தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் எஸ்.ஆர். ராவ் தலைமையில் அங்கே கடலுக்குள் இறங்கினார்கள். அந்தத் தேடலின் தொடர்ச்சியில் 1990களில் வெளிப்பட்டவற்றுள் ஆச்சிமார் கதையில் இல்லாத ஒரு பொருள் இருந்தது: ஈயக்கட்டி.

அது பிறந்தது இங்கிலாந்தின் வடக்கே, பென்னைன் மலைச் சுரங்கத்தில். ஈயக்கல்லை வெட்டி உருக்கி, அதில் கலந்திருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுத்துவிட்டு, மிச்சத்தை அச்சில் வார்ப்பார்கள். கட்டி ஒன்று எழுபது கிலோவைத் தாண்டும். மட்டக்குதிரையின் முதுகில் ஏற்றி, மலையிறக்கி நியூகாசில் துறைக்குக் கொண்டுபோவார்கள். நம் கட்டிகளின் மேல் ‘டபிள்யூ: பிளாக்கெட்’ என்ற முத்திரையும், 1791, 1792 என்ற ஆண்டுகளும் இருக்கின்றன. சுரங்க முதலாளி வால்டர் பிளாக்கெட் 1777இலேயே இறந்துவிட்டார். குடும்பச் சரக்கின் முத்திரையை யாரும் மாற்றவில்லை. பேர் சொன்னால் விலைபோகும் சரக்கு என்றால் எந்த ஊர் வியாபாரியும் அப்படித்தானே செய்வார்!

துப்பாக்கிக் குண்டுக்கும் தகட்டுக்கும் இந்தியாவில் ஈயம் வேண்டியிருந்தது. 1792இலோ அதற்குப் பிறகோ, இந்தக் கட்டிகளை ஏற்றி வந்த ஒரு கப்பல் பூம்புகாருக்கு நேரே மூழ்கியது. சுமார் இருபது மீட்டர் ஆழம். மரத்தைக் கடற்புழு தின்றது, கயிறு மக்கியது. ஈயத்தின் மேல் மட்டும் வெளிறிய தோல் ஒன்று படிந்து, உள்ளே இருந்ததைக் காத்தது.

அந்தத் தண்ணீர் காவிரியின் வண்டல் கரைந்த தண்ணீர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆறு செம்மண்ணாய் வந்து விழும்போது முக்குளிப்பவருக்குத் தன் கையே தெரியாது. தெளியும் மாதங்களுக்குக் காத்திருந்து இறங்கினாலும் பாதி வேலை விரல்தான் பார்க்கும். தட்டுப்படுவது பாறையா, பழைய கட்டடமா, பீரங்கியா என்று தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பொறுமையை நினைக்கும்போதெல்லாம் அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆச்சிமார் சொன்ன பட்டினத்தின் படகுத்துறை கரையிலேயே, கீழையூர் மண்ணுக்குள் இருந்தது. 1962–63 அகழாய்வில் செங்கல் கட்டுமானமும், கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த மரத்தூண்களும் வெளிப்பட்டன. படகு கட்டிய கால்வாயைச் சேறு மூடிவிட்டது. அதே சேறுதான் மரத்தையும் மக்காமல் வைத்திருந்தது.

கடலில் எந்த இடத்தில் வலை மாட்டும் என்பது பூம்புகார் மீனவர்களுக்குத் தெரியும். அங்கே கீழே ஏதோ கிடக்கிறது என்று அர்த்தம். கப்பலின் மேல் இன்றும் வலை இறங்குகிறது. அதைத் தரைக்கு இழுத்துப் போவதும், அடிக்கயிற்றில் கோத்த ஈயக்குண்டுகள்தான்.