ஸ்கேன் அறையும் பிரசவ அறையும்

நீட் பி.ஜி. கலந்தாய்வு தொடங்கினால் சட்டெனத் தீர்ந்துபோகும் இடங்களில், ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயறியும் எம்.டி. ரேடியோ முன்வரிசையில் இருக்கும். தரவரிசையில் மேலே நிற்பவர்களில் பலர் கேட்பது அதைத்தான். ஓ.ஜி. என்கிற மகப்பேறு மருத்துவத்துக்கு அத்தனை அடிதடி கிடையாது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பணமும் நிம்மதியும்தான் முக்கியம்" என்று மூத்த மருத்துவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். இரண்டு துறைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அந்தச் சலிப்பில் பாதிதான் நியாயம் என்று தோன்றுகிறது.

இரண்டுக்கும் மூன்றாண்டுப் படிப்பு. இரண்டும் ஒரே கர்ப்பிணியைப் பார்க்கின்றன. ஐந்தாம் மாத ஸ்கேனில் ரேடியாலஜிஸ்ட் குழந்தையின் தலைச் சுற்றளவையும் தொடை எலும்பின் நீளத்தையும் அளக்கிறார். இதயத்தின் நான்கு அறைகள், முதுகுத்தண்டு, உதடு என ஒவ்வொன்றாகத் தேடுகிறார். குழந்தை முதுகைக் காட்டிப் படுத்திருந்தால் "கொஞ்சம் நடந்துட்டு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டு அடுத்தவரை அழைக்கலாம். அவருடைய வேலை காத்திருக்கும். சி.டி. படங்களை வீட்டிலிருந்தே கணினியில் பார்த்து அறிக்கை எழுதவும் இப்போது வழியுண்டு.

பிரசவ அறை யாருக்காகவும் காத்திருப்பதில்லை. நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி வெளிவந்த பிறகு கருப்பை சுருங்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும். ஆக்சிடோசின் ஏறும்போதே ஒருவர் கருப்பையைக் கையால் அழுத்திப் பிசைய வேண்டும். இன்னொருவர் ரத்த வங்கிக்கு ஓட வேண்டும், மூன்றாமவர் தியேட்டரைத் தயார் செய்ய வேண்டும். வாசலில் உறவினர்கள் நிற்கிறார்கள். தாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர்களுடைய கோபம் முதலில் பாய்வது அங்கே நிற்கும் பி.ஜி. மாணவர் மீதுதான். ஸ்கேன் அறிக்கை தவறாகிப்போனாலும் கேள்வி வரும், வழக்கும் வரும். ஆனால் ஒரு கூட்டம் சட்டையைப் பிடிப்பது அரிது.

வருமானக் கணக்கு வெளியில் தெரிவதுபோல அவ்வளவு ஒருபக்கமாக இல்லை. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ரேடியோ படித்து முடிக்கக் கோடிக்கு மேல் கட்டணம் கேட்கும் இடங்கள் உண்டு. சொந்தமாக ஸ்கேன் மையம் வைக்க நினைத்தால் எம்.ஆர்.ஐ. கருவிக்கே கோடிகள் வேண்டும். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டப்படி, கர்ப்பிணிக்குச் செய்யும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம் எஃப் நிரப்ப வேண்டும். ஆவணத்தை ஒழுங்காக வைத்திருக்காததும் குற்றம்தான் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் மாணவர்கள் போகிறார்கள்.

துறையின் எதிர்காலமும் எழுதிவைத்தாற்போல் இருப்பதில்லை. ரேடியாலஜிஸ்ட்களுக்குப் பயிற்சி அளிப்பதை இப்போதே நிறுத்திவிட வேண்டும், கணினி அந்த வேலையைப் பார்த்துவிடும் என்று 2016-இல் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஜெஃப்ரி ஹின்டன் சொன்னார். பின்னால் நோபல் பரிசும் பெற்ற அவருடைய ஜோசியம் பலிக்கவில்லை, ரேடியோவுக்கான போட்டியும் குறையவில்லை. ஆனாலும் வசதியை மட்டும் நம்பிப் போகிறவருக்கு இப்படி ஒரு கேள்வி தலைக்குமேல் தொங்கிக்கொண்டேதான் இருக்கும். பிரசவம் பார்க்கக் கணினி வரும் என்று இதுவரை யாரும் பயமுறுத்தவில்லை.

சரி, ஆர்வம்? ஹவுஸ் சர்ஜன் பயிற்சியில் மகப்பேறு வார்டில் வாரக்கணக்கில் நின்றே ஆக வேண்டும். ரேடியாலஜியை அந்த அளவுக்கு நெருங்கிப் பார்க்கும் வாய்ப்பு குறைவு. ஆக, கண்ணால் பார்த்த துறையிலிருந்து விலகி, அதிகம் பார்க்காத துறைக்குப் போகிறார்கள். இதை ஆர்வம் என்று சொல்ல முடியாது. பேராசை என்றும் நான் சொல்ல மாட்டேன். பார்த்ததைக் கண்டு மிரண்டு ஓடுகிறார்கள், அவ்வளவுதான். படங்களில் புதிர் தேடுவதில் உண்மையான ருசி கொண்டவர்களும் இருக்கிறார்கள். நல்ல ரேடியாலஜிஸ்ட் ஆகிறவர்கள் அவர்களே.

பார்த்ததனாலேயே உள்ளே வந்தவரும் உண்டு. 1890-களில் திண்டிவனத்தில் மிஷனரிகளாக இருந்த பெற்றோரிடம் அமெரிக்காவிலிருந்து வந்த ஐடா ஸ்கடருக்கு மருத்துவராகும் எண்ணமே இல்லை. ஒரே இரவில் மூன்று பெண்கள், பெண் மருத்துவர் இல்லாத காரணத்தால் பிரசவத்தில் இறந்தார்கள். 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, மறு ஆண்டு அவர் வேலூரில் தொடங்கிய பணிதான் சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்தது. அப்படி ஒரு இரவு மனதைத் திருப்பும், மறுக்கவில்லை. அதே இரவு வாரத்துக்கு இரண்டு முறை, முப்பத்தாறு மணி நேர டியூட்டியாக மூன்று வருடம் வந்தால், இருக்கும் ஆர்வமும் கரைந்துபோகும்.

ஆகவே மாணவர்களிடம் சேவையைப் பற்றி உபதேசம் செய்வதில் பயனில்லை. பயிற்சி மருத்துவர்களுக்குச் சாதாரணமாக வாரம் 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே உறைவிட மருத்துவர் திட்டத்தில் எழுதிவைத்திருக்கிறது. பிரசவ வார்டின் டியூட்டிப் பட்டியலை முதலில் அதன்படி போடுங்கள். அப்புறமும் ஓ.ஜி. இடங்களை ஒதுக்கித் தள்ளினால், பிள்ளைகளைத் திட்டலாம்.